மாதம்மாளின் புள்ளி ஏழு நொடி

ஜவ்வாது மலையில் விளாமூர் ஓடையின் வேகத்தை 2014 ஜூன் முதல் அளந்து எழுதிவந்தவர் மாதம்மாள். வேலையில் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. படிப்பு எட்டாம் வகுப்பு. மூன்று ஏக்கரில் சாமையும், மேட்டில் நாலு புளியமரமும் இருந்தன. திருப்பத்தூரில் அலுவலகம் வைத்திருந்த ஒரு தொண்டு நிறுவனம் தடுப்பணைகள் கட்டுவதற்கு முன் ஓடையின் போக்கை அறிய விரும்பியது. எழுதத் தெரிந்த, தினமும் அந்தப் பக்கம் போகிற ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது ஊர் மாதம்மாளைக் காட்டியது.

முறை எளிது. ஓடைக் கரையில் இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சிகள். மேல்குச்சிக்குச் சற்று மேலே ஓர் எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் விடவேண்டும். பழம் மேல்குச்சியைத் தாண்டும்போது அங்கே நிற்பவர் குரல் கொடுப்பார். கீழ்க்குச்சியில் இருப்பவர் அந்தக் குரலைக் கேட்டதும் கடிகாரத்தை அழுத்தி, பழம் தன் முன்னால் தாண்டும்போது நிறுத்துவார். நடுவில் உண்ணிச்செடி அடர்ந்திருந்ததால் கீழே இருப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது. குரல்தான் கணக்கு.

மேலே நின்று குரல் கொடுத்தவர் மாதம்மாளின் கொழுந்தன் சின்னராஜ். நல்ல தொண்டை. ஒரே ஒரு "ஓய்", எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பும்.

கோடையில் வாரம் இரண்டு நாள், மழைக்காலத்தில் தினமும். மொத்தம் 2,087 நாட்களின் அளவு, பதினான்கு நீள நோட்டுகளில். மாமியாரின் சவத்தை எடுத்த அன்றும் அளவு இருக்கிறது. 'நேரம் தாமதம்' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும். நோட்டுகளைக் கரையான் தொடாமலிருக்கத் தகரப் பெட்டியில் வைத்து, பெட்டியின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தார்.

2025 ஜூன் மாதம் கள அலுவலர் விஜயராஜ் சரிபார்க்க வந்தார். வாணியம்பாடிப் பக்கத்து ஆள். எதிர்க்கரைப் பாறையில் ஏறி நின்றால் இரண்டு குச்சிகளும் தெரியும். அங்கிருந்து கண்ணால் பார்த்தே அவர் தன் கடிகாரத்தை அழுத்தினார். ஐந்து நாள் இருவரும் ஒரே பழத்தை அளந்தார்கள். இரண்டு பேர் எண்ணும் ஒருநாள்கூட ஒத்துப்போகவில்லை.

"ஓடை மெதுவா போற நாள்ல உங்க வேகம் நூத்துக்கு ரெண்டு பங்கு கூட இருக்குது. மழை பெஞ்ச அன்னிக்கு ஏழு பங்கு கூட. மழைன்னா கையி தாராளமா எழுதுது போல," என்றார் விஜயராஜ்.

"நான் இன்னாத்துக்கு சார் கூட எழுதணும்? தண்ணி இன்னா எங்க வூட்டுதா?"

"வூட்ல குந்திக்கினு எழுதறவங்க இப்டிதான் எழுதுவாங்க. வெள்ளிக்கிழமை கூட்டம். பதினோரு வருசத்தையும் அடிச்சிடலாம்னு சொல்லப்போறேன்."

வேலை போவது மாதம்மாளுக்குப் பெரிதாகப் படவில்லை. சாமை இருந்தது, புளி இருந்தது. பதினான்கு நோட்டின் மேலும் குறுக்கே கோடு விழும் என்பதுதான் உறுத்தியது. அன்று மதியம் களியை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து கோகிலவாணி வந்தார். எண்களைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுகிற வேலை அவருடையது. கல்லூரியில் படித்தது உளவியல். அவர் இரண்டு பட்டியலையும் பாறைமேல் விரித்துவைத்து, வேகத்தை விட்டுவிட்டு நொடிகளை மட்டும் பார்த்தார். முதல் நாள் மாதம்மாளுக்கு 41.3, விஜயராஜுக்கு 42.0. மூன்றாம் நாள் 13.9, 14.6. மழை பெய்த ஐந்தாம் நாள் 9.8, 10.5.

"சார், எல்லா நாளும் புள்ளி ஏழுதான். நாப்பது நொடியில புள்ளி ஏழு போனா தெரியாது. பத்து நொடியில போனா பெருசா தெரியும். கைக்கு வந்ததை எழுதுற ஆளுக்கு இப்படி ஒரே மாதிரி எழுத வராதுங்க."

விஜயராஜ் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ கடிகாரம் கோளாறா?"

கடிகாரங்களை மாற்றிக்கொண்டு அளந்தார்கள். அப்போதும் புள்ளி ஏழு.

கோகிலவாணிக்குக் கல்லூரியில் படித்தது ஒன்று நினைவு வந்தது, சொன்னார். இருநூறு வருடத்துக்கு மேல் இருக்கும், இங்கிலாந்தில் ஒரு வானாய்வுக்கூடம். நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைத் தாண்டும் நேரத்தைக் கடிகாரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குறிக்கவேண்டும். உதவியாளர் எழுதியது தலைமை ஆய்வாளர் எழுதியதைவிடப் புள்ளி எட்டு நொடி பிந்தியிருந்தது. கவனக்குறைவு என்று அவரை அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு வேறொரு நாட்டு வானியலாளர் அந்தக் குறிப்பைப் படித்து, கெட்டிக்கார ஆய்வாளர்களையே ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆளுக்கொரு வித்தியாசம். கண்டதும் கேட்டதும் மனதுக்குள் போய்க் கையில் வெளிவர நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தை அளக்கவும் முடியும் என்று தெரிந்தது. உதவியாளரை அனுப்பி எண்பது வருடம் கழித்து ஜெர்மனியில் மனதை அளக்கவே ஓர் ஆய்வுக்கூடம் வந்தபோது, அங்கே அளந்தவற்றில் இதுவும் ஒன்று.

மாதம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த ஆளை மறுபடி வேலைக்கு கூப்ட்டாங்களா?" என்றார்.

"இல்லக்கா. போனது போனதுதான்."

மாதம்மாள் எழுந்து ஓடையோரமாக நடந்தார். அவர் எங்கே போகிறார் என்று புரியாமல் விஜயராஜ் பின்னாலிருந்து, "மாதம்மா!" என்றார். மாதம்மாள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டதும் நின்றார்.

"காது கேக்கலையா?"

மேலேயிருந்து இறங்கி வந்த சின்னராஜ் சிரித்தார். "எங்க அண்ணிகிட்ட ஒருவாட்டி கூப்ட்டு நானே பதில் வாங்கனதில்ல சார். காட்டுல ஒருவாட்டி கூப்ட்டா யாரும் ஓன்னு பதில் குடுக்க மாட்டாங்க. மனுசனா இருந்தா ரெண்டாவதும் கூப்புடுவான். காத்து கருப்புக்கு அவ்ளோ பொறுமை கெடையாது."

"இதெல்லாம் நம்பறீங்களா?" என்றார் விஜயராஜ்.

"நம்பறது இல்ல சார், பழக்கம். நீங்க பூனை குறுக்க வந்தா வண்டிய நிறுத்தறது மாதிரி."

விஜயராஜ் தன் வண்டி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார்.

மாதம்மாள் நின்ற இடத்திலேயே தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொழுந்தனிடம் கேட்டார். "நீ எத்தினிவாட்டி கூவற?"

"ஒருவாட்டிதான். உனக்குத் தெரியாதா?"

"அதான். உன் கொரல்தான்னு தெரிஞ்சும் ரெண்டாவது கூவலுக்கு கை காத்துக்கினு நிக்குது, அதான் நொடி கொறையுது. நாலு வயசுல கத்துக்கினது, கடிகாரம் வந்துச்சுன்னு போயிடுமா?" கோகிலவாணியிடம் திரும்பினார். "மேடம், எல்லாம் அப்டியே இருக்கட்டும். கொரலை மட்டும் எடுத்துடலாம். அவன் கழியில துணி கட்டித் தூக்கட்டும், செடிக்கு மேல தெரியும். நான் கண்ணால பாத்து அமுக்கறேன். அப்பவும் புள்ளி ஏழு வந்தா கோளாறு எங்கிட்ட. சாரு கோடு போட்டுக்கட்டும்."

சின்னராஜ் மூங்கில் கழியில் தன் தோள்துண்டைக் கட்டினார். இருபது பழம் விட்டார்கள். வித்தியாசம் சராசரி புள்ளி ஒன்று. மறுபடி குரலுக்கு மாறி இருபது. புள்ளி ஏழு. பிறகு மாதம்மாளின் யோசனைப்படி இடம் மாறினார்கள். விஜயராஜ் கீழ்க்குச்சியில் குரலுக்கு அழுத்த, மாதம்மாள் பாறையில் நின்று கண்ணால் பார்த்தார். விஜயராஜும் புள்ளி இரண்டு பிந்தினார்.

"நான் கேட்டவுடனே அமுக்கினேன்," என்றார் விஜயராஜ்.

"நானும் அப்டிதான் சார் நெனச்சேன், பதினோரு வருசமா," என்றார் மாதம்மாள்.

கடைசியில் ஓடையோடு போகும் பழங்களைப் பார்த்து சின்னராஜ், "இவ்ளோ பழத்துக்கு ஊறுகாயாவது போட்டிருக்கலாம்," என்றார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் விஜயராஜ் அறிக்கையை மாற்றியே படித்தார். நோட்டில் உள்ள எண்களைத் தொடக்கூடாது, பக்கத்தில் புதிய பத்தி போட்டு ஒவ்வொரு நாளுக்கும் 0.7 நொடி கூட்டி எழுதவேண்டும் என்று முடிவானது. முன்பு மகள் பிரசவத்துக்கு மாதம்மாள் போயிருந்த பத்தொன்பது நாளின் எண்கள் விஜயராஜ் குரல் கேட்டு அளந்தவை. அவற்றுக்கு 0.2. அந்தப் பத்தொன்பது நாளையும் பிரித்து எழுதச் சொன்னவர் மாதம்மாள். ஜூன் 23 முதல் குரலுக்குப் பதில் துணி. அதற்குமேல் திருத்தம் வேண்டாம்.

சனிக்கிழமை கோகிலவாணி பெட்டியைத் திறந்து பத்தி போட உட்கார்ந்தார். ஏழாம் நோட்டு வந்ததும் மாதம்மாள் கையை வைத்து நிறுத்தினார்.

"இதுல நாப்பத்தோரு நாளு சின்னராஜு இல்ல. மரம் ஏறி விழுந்து காலு ஒடைஞ்சி கெடந்தான். அவன் பொண்டாட்டி அருணாதான் கூவனா. அவ ரெண்டுவாட்டி கூவுவா."

"அப்போ சரியாத்தானே இருக்கும்க்கா?"

"எந்தக் கூவலுக்கு அமுக்கினேன்னு எனக்கே தெர்ல. ஒரு நாளு மொதலுக்கு, ஒரு நாளு ரெண்டாவதுக்கு. இதுக்கு இன்னா கூட்டுவீங்க?"

கோகிலவாணி யோசித்தார். "யாரும் கேக்கப்போறதில்லக்கா. கூட்டத்துல எல்லாத்தையும் ஏத்துக்கிட்டாங்க."

மாதம்மாள் அளவுகோலை வாங்கி, நாற்பத்தொரு வரிகளின் குறுக்கேயும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். எண்கள் கீழே படிக்கும்படி மெல்லிய கோடு. ஓரத்தில் 'குரல் இருமுறை. எதற்கு அழுத்தியது தெரியவில்லை' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். மீதி 2,046.

வேலை முடியும்போது வெயில் இறங்கியிருந்தது. ஓடைப் பக்கமிருந்து சின்னராஜ், "அண்ணீ!" என்று கூப்பிட்டார். கோகிலவாணி மாதம்மாளைப் பார்த்தார். மாதம்மாள் நோட்டுகளை வரிசைப்படி பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை கேட்டதும், "வர்றேன்," என்றார்.