வெள்ளிராவுக்குக் கையேட்டில் இடமில்லை

பள்ளிவாசல் பதிவு மென்பொருளின் புதிய பதிப்போடு வந்த கையேடு நாற்பது பக்கம். முதல் ஆறு பக்கத்திலும் கம்பனி தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்தது. அதன்பிறகு படங்கள்: புதிய பொத்தான், புதிய நிறம், புதிய முகப்பு. பழைய பதிப்பில் வருடக்கணக்காக வேலை செய்த எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே வரிதான்: "உங்கள் பழைய பதிவுகள் தானாகவே மாறிவிடும்." அந்தத் 'தானாகவே'யை நான் நம்பினேன்.

எங்கள் பள்ளிவாசலின் மௌத்துப் பதிவை, அதாவது இறப்புப் பதிவை, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வு பெற்றபின் ஏற்றுக்கொண்ட வேலை. யார், எந்த நாள், எந்த நேரம் என்று குறித்து வைப்பது என் பழைய வியாதி. வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு நாட்குறிப்பும் உண்டு. இறந்தவர் மனைவியை விட்டுச் சென்றிருந்தால், அந்த மனைவி வீட்டோடு இருக்க வேண்டிய நான்கு மாதமும் பத்து நாளுமான இத்தா எப்போது முடியும் என்பதையும் அந்த மென்பொருளே அச்சிட்டுத் தரும். அதில் முத்திரை குத்திக் கொடுப்பதும் நான்தான்.

நம் ஊரில் நாள் அந்தித் தொழுகையான மஃரிபோடு தொடங்குகிறது. வியாழன் பொழுது பட்டதும் வெள்ளிராவு. ஆகவே வியாழன் மஃரிபுக்குப் பின் ஒருவர் மௌத்தானால் வெள்ளி என்று பதிந்து, பக்கத்தில் 'இரவு' என்ற சிறு கட்டத்தில் ஒரு குறி போடுவோம். சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் பதிவு பார்ப்பவர்களும் அப்படியே செய்தார்கள். பழைய பதிப்புக்கு அது விளங்கியது.

புதிய பதிப்பு ஏறி ஒரு மாதமிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, மருதமுனையில் சாரத் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். நான்கு மாதத்துக்கு முன் மௌத்தானவர் அவருடைய மச்சான். இத்தாவில் இருந்தவர் அவருடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா. போன வாரம் புதிய பதிப்பில் அச்சிட்டு நான் கொடுத்த கடதாசியை மேசையில் விரித்தார்.

"காக்கா, இது பிழை போல கிடக்கு. ராத்தா விரல் விட்டு எண்ணிக்கிட்டுத்தான் இருக்கா. இண்டைக்கு மஃரிபோட முடியுது எண்டு சொல்றா. நீங்க நாளைக்கு மஃரிப் எண்டு போட்டிரிக்கீங்க."

"கம்பியூட்டர் கணக்குத் தம்பி. விரலைவிடச் சரியா எண்ணும்."

"அப்ப ராத்தாட விரலுக்கும் புது வேர்ஷன் போடச் சொல்லவா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில அவட மகன் கட்டாருக்குப் போறான். ரெண்டு வருஷத்துக்கு வரமாட்டான். வேன்ல ஏர்போட் வரைக்கும் கூடப் போகத்தான் அவ நாள் பார்த்துக்கிட்டு இருக்கிறது."

சந்தேகம் என்றால் ஒரு நாள் கூடுதலாக இருப்பதே பேணுதல் என்று நான் மார்க்கம் வேறு சொல்லி அனுப்பினேன். திரையை ஒரு தடவை பார்த்ததோடு சரி, நாட்குறிப்பைப் பார்க்கவில்லை.

பார்த்தது ஞாயிறு பகலில். வேன் போய்விட்டிருந்தது. நான்கு மாதத்துக்கு முந்திய ஒரு வியாழக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: "மஃரிப் தொழுது வெளியே வரும்போது மௌத்துச் செய்தி." திரையில் அதே மௌத்து வெள்ளி மஃரிபுக்குப் பிறகு நடந்ததாகக் கிடந்தது. எங்கள் குறியை, வெள்ளிப் பகல் முடிந்து வரும் இரவு என்று புதிய பதிப்பு எடுத்துக்கொண்டிருந்தது. முழுதாக ஒரு நாள் பிசகு.

கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அது கையேட்டில இருக்கே சேர். பதினேழாம் பக்கம்."

எடுத்துப் பார்த்தேன். ஒரு படத்துக்குக் கீழே, பொடி எழுத்தில்: "பழைய இரவுக் குறி நேர வடிவத்துக்கு மாற்றப்பட்டுள்ளது."

"இதில எங்களுக்கு என்ன தம்பி விளங்கும்?"

"வேற ஒருத்தரும் முறைப்பாடு சொல்லல்லையே சேர். வேணுமெண்டா நீங்களே எழுதி அனுப்புங்க, அடுத்த அப்டேட்டில சேர்க்கிறம்."

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். அந்த ராத்தாவே முன்மண்டபத்துக் கதவருகே வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நான் போயிருக்கலாம்."

"ஓம். என்ட பிழைதான்."

"மூலையால திரும்பும் வரைக்கும் வேனை ஜன்னலால பார்த்துக்கிட்டு நிண்டன்." உள்ளே போய் அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "இப்படி வேற ஆருக்கும் குடுத்திரிக்கீங்களா?"

இன்னும் மூன்று பெண்களுக்குக் கொடுத்திருந்தேன். மூவரும் இத்தாவில்தான் இருந்தார்கள். மஃரிபுக்கு முன்பே மூன்று வீட்டுக்கும் போய்க் கடதாசிகளைத் திரும்ப வாங்கினேன். அடுத்த இரண்டு நாளும் உட்கார்ந்து, பழைய பதிப்பிலிருந்து வருபவர்களுக்காக ஒரே ஒரு பக்கம் எழுதினேன். பழைய குறி எந்த இரவைக் காட்டியது, புதியது எந்த இரவைக் காட்டுகிறது, எந்தெந்தப் பதிவுகளைக் கையால் திருத்த வேண்டும் என்று உதாரணத்தோடு.

கம்பனி அதைப் போட்டது. நாற்பத்தோராம் பக்கமாக, "மேம்படுத்தப்பட்ட இரவு வசதி" என்ற தலைப்போடு. உதாரணம் இல்லை. வாடிக்கையாளர்களைப் பயமுறுத்தும் என்று என் முதல் வரியையும் எடுத்துவிட்டார்கள். வாசித்தபோது, ஊசிப்போன கறியை வாயில் வைத்தது போலிருந்தது.

நான் எழுதியபடியே நாற்பது பிரதி எடுத்து, அக்கரைப்பற்று பஸ்ஸிலும் சம்மாந்துறை பஸ்ஸிலும் ஏறி, பள்ளி பள்ளியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் அந்த முதல் வரி இருக்கிறது: "இதைப் படித்து, இரவுக் குறியுள்ள பதிவுகளைத் திருத்தி முடிக்கும்வரை எந்தப் பெண்ணுக்கும் நாள் சொல்லாதீர்கள்."