மாவுக்குள் ஒரு வெள்ளிப் பதக்கம்

சமையலறையிலிருந்து தொப்... தொப்... என்று மாவு அடிபடும் சத்தம் கேட்டது. ரொட்டிக்குப் பிசைகிறவள் அப்படி அடிக்கமாட்டாள். என் அக்கா ஒட்டீலியா மாவுக்குள் எதையோ புதைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

முன்னறையில் ஹென்னர் அத்தானுக்கு எதிரே யூஸ்டுஸ் உட்கார்ந்திருந்தார். இருவரும் வெஸ்ட்ஃபாலிய ராஜாவின் படையில் ஒன்றாக இருந்தவர்கள். ரஷ்யப் போருக்குக் கிளம்பும் நேரத்தில் யூஸ்டுஸ் காய்ச்சலில் விழுந்து எங்கள் ஊர் காஸலிலேயே தங்கிவிட்டார். இப்போது, அந்த ராஜா ஓடிப்போனதும் திரும்பி வந்துவிட்ட பழைய பிரபுவிடம் குமாஸ்தா. பிரபுவின் ஆசைப்படி தலையில் பின்னல் வேறு.

"என்னடா இது, எலி வாலா?" என்றார் அத்தான்.

"சிரி, சிரி. கோட்டைவாசல் காவலாளி ஆனா உனக்கும் இதே வால்தான்."

அந்த வேலைக்காக நாங்கள் எவ்வளவு ஏங்கினோம்! தங்க ஒரு கல் வீடு, குளிருக்கு விறகு. ஃபுல்டா ஆற்றில் படகோட்டிய அத்தானுக்கு, ரஷ்யப் பனி தின்றதில் இன்று கால்விரல்கள் கிடையாது. ஊரார் துணிகளைத் துவைத்துத் துவைத்து அக்காவின் கைகள் வெடித்துக் கிடந்தன.

"ஒரே கேள்விதான். ஓடிப்போன ராஜா குடுத்த பதக்கம் இருக்கா? இருந்தா குடுத்துடு, உருக்கிடுவாங்க. மனசில்லன்னா, கிடைக்கவே இல்லன்னு சொல்லிடு. அப்படியே எழுதிக்கறேன்."

அக்கா மாவுக் கையோடு ஓடிவந்தாள். "பதக்கமாவது ஒண்ணாவது! இந்த வீட்ல மாவைத் தவிர எதுவும் இல்லண்ணே."

ரஷ்ய ஆற்றில் பனி உடைந்தபோது, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப இறங்கியவர் அத்தான். எங்கள் தெருப் பையன்களில் சிலரைக் கரை சேர்த்தார். மற்றவர்களை ஆறு கொண்டுபோயிற்று. அதற்காகத்தான் வெஸ்ட்ஃபாலிய ராஜா அந்த வெள்ளிப் பதக்கத்தை அவர் மார்பில் குத்தினார். அதன் நீல நாடா வெளுப்பதற்குள் ராஜாவும் போனார், ராஜ்யமும் போயிற்று.

அத்தான் எழுந்து நொண்டியபடி சமையலறைக்குப் போனார். மாவைப் பிய்த்துப் பதக்கத்தை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

"இருக்கு."

"அடப் பாவி மனுஷா!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

யூஸ்டுஸ் கை நீட்டினார். "நல்லதாப் போச்சு. குடு. வேலை உனக்குத்தான்."

"இதைக் குத்தறப்ப ஒரு விதி சொன்னாங்க. போட்டிருக்கறவன் செத்தா, குடுத்த அரசுக்கே திருப்பிடணுமாம். நான் சாகலடா. குடுத்த அரசுதான் செத்துப்போச்சு. உங்க ஆளுங்களுக்கு இதுல என்ன பாத்தியதை?"

"அப்ப இல்லன்னாவது சொல்லித் தொலையேண்டா!"

அத்தான் பதக்கத்தின்மேல் கையை வைத்தார். "இல்லன்னா, ஆத்தோட போன பசங்களும் இல்லன்னு ஆயிடுமே. ராஜா எவனா இருந்தா என்ன? அவங்க நம்ம தெருப் பசங்கடா."

யூஸ்டுஸ் பேனாவைக் கீழே வைத்தார். "வேலை போச்சு. தெரியுமில்ல?"

"தெரியும்."

அக்கா அழுதுகொண்டே பதக்கத்தை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் மாவைத் துடைத்தாள். "விரல் போனாலும் திமிரு போகல" என்று முனகியபடி அதை அத்தானின் மார்பில் குத்திவிட்டாள். அந்த நிமிஷம் அவர்கள் இருவரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

யூஸ்டுஸ் வாசல்வரை போய்த் திரும்பினார். குதிகால்களைச் சேர்த்து, பழைய படைவழக்கப்படி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"அந்த ஆத்துக்கு நானும் வந்திருக்கணும், ஹென்னர்."

பதிலுக்கு நிற்காமல் பனியில் இறங்கி நடந்தார். அக்கா கதவைச் சாத்தினாள்.