பதினொரு நாளும் ஆறிய தேத்தண்ணி

பியானோவில் ஸ்கேல் அடிக்கச் சொன்னால் போதும், பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கும், விரல் நோகும், புத்தகம் பள்ளிக்கூடத்தில் தவறிப்போகும். நம்முடைய சரளி வரிசை மாதிரித்தான் அதுவும். ஏற வேண்டும், இறங்க வேண்டும், நாளைக்கும் அதையே செய்ய வேண்டும். ஸ்காபரோவில் என் வீட்டு பேஸ்மென்றில் பியானோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் செய்து பார்க்காத வித்தை இல்லை. நட்சத்திரம் ஒட்டினேன், சொக்லேட் கொடுத்தேன், கோபித்தும் பார்த்தேன். கோபம் எனக்குச் சும்மாவே வரும்.

போன வசந்தத்தில் ஒரு யோசனை வந்தது. பெற்றோரை எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். பிள்ளை தினமும் ஒரு ஸ்கேலை அடித்து, பதிவுசெய்து, அதில் போட வேண்டும். பதினான்கு நாள் விடாமல் போடுகிற பிள்ளை என் பழைய பியானோவின் மேல்மூடியைத் திறந்துவைத்து, விரும்பியதை விரும்பிய சத்தத்தில் வாசிக்கலாம்.

முதல் நாளே பன்னிரண்டு பதிவுகள் வந்து விழுந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. சமைக்கும்போது கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போதும் கேட்டேன். நம் ஆட்களின் குழுவில் பூப்படமும் காலை வணக்கமும் வராமல் ஸ்கேல் வருவதென்றால் சின்ன விஷயமா?

டோர்செட் பார்க்கில் மாடிக் குடியிருப்பொன்றில் இருக்கும் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஒரு நாளும் தவறவிடவில்லை. நாலரை மணிக்கு அவளுடைய பதிவு வந்துவிடும். பதினோராம் நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டு அதைக் கேட்டபோதுதான் என் கத்தி நின்றது. ஸ்கேல் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில், பின்னால் அவளுடைய அம்மாவின் குரல்: “தேத்தண்ணி ஆறுது, வந்து குடி.” நேற்றும் அதே இடத்தில்தான் அந்தக் குரல் வந்தது. முந்தாநாளும். கையைக் கழுவிவிட்டு எல்லாப் பதிவுகளையும் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். பதினொரு நாளும் அதே சுரத்தில் அந்தத் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. ஒரே பதிவைத்தான் தினமும் அனுப்பியிருக்கிறாள்.

சிரித்திருக்க வேண்டும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தாய்க்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

“பொய் சொல்லிப் பழகிற பிள்ளைக்கு உது தேவையில்லை, ரீச்சர்,” என்றார் அவர். “சனிக்கிழமை கடைசியாக் கூட்டிக்கொண்டு வாறன். பிறகு அந்த நேரத்துக்குக் கணக்கு வகுப்பில விடுறன்.”

போனை வைத்த பிறகுதான் நான் செய்த வேலை உறைத்தது. என்னிடம் வரும் பிள்ளைகளில் ஆசையோடு ஓடிவந்து பியானோவில் உட்காருபவள் அவள் ஒருத்திதான். அவளை என் வாயாலேயே துரத்தியிருந்தேன். சனிக்கிழமை வரை இரண்டு நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்தே பிள்ளையோடு வந்தார்கள். தாய் கோட்டைக் கழற்றவில்லை. தகப்பன் படியடியில் நின்றுகொண்டார். பிறம்ரனில் ஒரு பெரிய கிடங்கில் அவருக்கு இரவு வேலை, முகத்தில் நித்திரை அப்படியே இருந்தது.

“எங்க, ஒருக்கா அடி பாப்பம்,” என்றேன் பிள்ளையிடம்.

அடித்தாள். இரண்டு கையும் சேர்த்து அடித்தாள். பெருவிரல் மற்ற விரல்களுக்கு அடியால் போகும் இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் இடறுவார்கள். இவள் இடறவில்லை. நான் சொல்லாமலே அடுத்த ஸ்கேலுக்குப் போனாள், அதுவும் வழுக்கிக்கொண்டு போனது. பழகாத கை இப்படி ஓடாது.

“நீ எப்ப பழகினனீ?”

“எவ்ரி டே, ரீச்சர். கீபோர்டை ஓஃப் பண்ணிப்போட்டு அடிக்கிறனான். ஹெட்போனைத் தம்பி உடைச்சுப்போட்டான். அப்பா பகல் முழுக்க நித்திரை, சத்தம் போடேலாது. அப்பா கார் திருத்தப் போன அண்டைக்கு மட்டும் சவுண்டோட அடிச்சனான். அந்த ரெக்கோர்டிங்கைத்தான் அனுப்பினனான்.” குரல் சிறுத்தது. “ஐ வோஸ் ஸ்கேர்ட்.”

“நான்தான் சொல்லி வைச்சனான்,” என்றார் தாய் மெதுவாக. “அவர் படுத்தா ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது எண்டு.”

தகப்பன் படியடியிலிருந்து எங்களிடம் வந்தார். “ஆர் என்னைக் கேட்டது?” என்றார். “இரவிரவா ஃபோர்க்லிஃப்ற் சத்தத்துக்குள்ள நிக்கிறன். பிரேக்கில கதிரையில இருந்தபடியே நித்திரை கொள்ளுறன். உவளின்ர பியானோவே என்னை எழுப்பப்போகுது? வீடு ஏன் இப்பிடி அமைதியாக் கிடக்குது, என்னோட ஏதும் கோபமாக்கும் எண்டெல்லோ நான் நினைச்சன்.”

தாய் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கணக்கு வகுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “உன்னைக் கேக்காமல் கோவிச்சது பிழை,” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, பியானோவின் மேல்மூடியைத் திறக்கலாமா என்று கேட்டாள். திங்களிலிருந்து புதிதாகப் பதினான்கு நாள் முடியட்டும் என்றேன். மன்னிப்புக் கேட்டாலும் நான் ரீச்சர் இல்லையா?

திங்கட்கிழமை நாலரைக்கு முன்பே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வந்தது. இரண்டு கையும், முழுச் சத்தத்தோடு. தேத்தண்ணி இந்த முறை வேறொரு இடத்தில் ஆறியது. ஸ்கேல் முடிந்ததும் ஒரு மனிதரின் குறட்டை நன்றாகக் கேட்டது. அதற்குமேல் அவளுடைய கிசுகிசுப்பு:

“ரீச்சர், அப்பா இன்னும் நித்திரை. இன்னொருக்கா லவுடா அடிக்கட்டே?”

ஸ்கேலை இன்னொருக்கா அடிக்கட்டுமா என்று அதற்கு முன் எந்தப் பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. ‘அடி பிள்ளை, அடி’ என்று எழுதி அனுப்ப, என் விரல்தான் இடறியது.