ஒரு நாழிகைக்கு முகம் தெரியாது

முதல் தடவை என் கண்ணிலிருந்து காணாமல் போனது ஒரு கான்சாபுரத்துக்காரரின் மூக்கு. ராஜபாளையம் கடைத்தெருவில் எனக்குக் கயிற்றுக் கடை. கிணற்றில் நீர் இறைக்கிற கமலைக்கு வடம் வாங்க வந்திருந்தார் அவர். வடத்தை முழம் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். நெற்றி இருந்தது, மீசை இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. கறுப்பாக ஏதாவது தெரிந்தால்கூட மறைக்கிறது என்று சொல்லலாம். அங்கே மறைக்கிற பொருளும் இல்லை. ஒருவரிடம் போய் மூக்கு எங்கே என்று கேட்பது மரியாதையில்லை என்பதால் பேசாமல் முழம் போட்டேன்.

சற்று நேரத்தில் அந்த இடத்தின் ஓரமாக ஒரு மினுமினுப்பு கிளம்பியது. ரம்பத்தின் பல்லைப் போல மேலும் கீழும் மடிந்து மடிந்து, குதிரை லாடம் மாதிரி வளைந்து, சித்திரை மாதத்துக் கானலைப் போல ஆடியது. கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள்ளும் ஆடியது. மெல்லப் பெரிதாகி இடப்பக்கமாக நகர்ந்து, பார்வையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. எல்லாம் ஒரு நாழிகைக்குள். மூக்கு திரும்பி வந்தது. பெரிய மூக்குதான். அது எப்படி மறைந்தது என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

அதன் பிறகு வருஷத்தில் நாலைந்து தடவை வந்தது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"வலிக்குதா?" என்றாள்.

"வலிக்கலை."

"மயக்கம் வருதா?"

"அதுவும் இல்ல."

"வலிக்கலைன்னா அது என்ன நோவு? சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கிய" என்று சொல்லிவிட்டு உலைக்கு அரிசி களையப் போய்விட்டாள்.

வலி இல்லாத நோய்க்கு வீட்டில் ஒரு வாய் கஞ்சிகூடத் தனியாகக் கிடைக்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் எனக்குள் பயம் இருந்தது. கண் அவிந்துவிட்டால் கடை என்னாகும் என்று நினைத்து, கூமாப்பட்டியில் ஒரு வைத்தியரைப் போய்ப் பார்த்தேன். நான் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"இது ஒத்தைத் தலைவலி, ராவுத்தரே. எந்தப் பக்கம் வலிக்கு?"

"எந்தப் பக்கமும் வலிக்கலை."

"மின்னல் அடங்கினதும் வலி வரும்."

"வராது வைத்தியரே. இதுவரைக்கும் வந்ததில்ல."

அவர் முகம் வாடிவிட்டது. நான் எதையோ மறைக்கிறேன் என்று எண்ணிவிட்டார். நாடி பிடித்து, பித்தம் என்று சொல்லி, சுக்கோடு வேறு எதையோ சேர்த்து அரைத்து நெற்றி முழுக்கப் பற்றுப் போட்டார். அது எரிந்த எரிச்சலில், திரும்பும் வழியில் வத்திராயிருப்பு வரும் முன்னமே என் தலை வலிக்கத் தொடங்கிவிட்டது. வாழ்நாளில் அதுதான் எனக்கு முதல் தலைவலி. மறுவாரம் போய் அதைச் சொன்னேன். "அப்படிச் சொல்லுங்க, இப்பத்தான் நோவு வழிக்கு வருது" என்றார். அவரிடம் போவதை அத்துடன் நிறுத்தினேன்.

இப்படி ஒன்பது வருஷம் போன பிறகு ஒரு சந்தை நாளில் என் கடைக்கு முன்னால் அடிதடி நடந்தது. சோழபுரத்துக்காரர் ஒருவரின் வண்டியில் இருந்த பருத்திக்கொட்டையை இன்னொருவரின் மாடு தின்றுவிட்டது. சோழபுரத்துக்காரர் மாட்டை விட்டுவிட்டு மாட்டுக்காரரைச் செருப்பால் அடித்தார். நன்றாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சம்மன் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாஜிஸ்ட்ரேட் கச்சேரிக்கு விடியலில் வண்டி கட்டிப் போனேன். கூண்டில் ஏறி, அல்லாவின் பேரால் உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தேன். வாயை மூடுவதற்குள் கண்ணில் ஒரு புள்ளி மினுங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது.

"அடிச்ச ஆளு இங்க இருக்காரா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

எதிரே குற்றவாளி நிற்கிற இடத்தில் நின்றவர் ஒரே ஆள்தான். கையை நீட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் அவருக்குக் கழுத்துக்கு மேலே தலையே இல்லை, பின்னால் இருந்த சுவர்தான் இருந்தது. சத்தியம் செய்த ஈரம் நாக்கில் இன்னும் காயவில்லை.

"ஒரு ஆளு நிக்காரு அய்யா. தலை மட்டும் இல்ல" என்றேன்.

கச்சேரி சிரித்தது. மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. "உமக்குக் கண் தெரியாதா?"

"நல்லா தெரியும் அய்யா. இப்ப மட்டும் தெரியலை. ஒரு நாழிகை பொறுத்தா தலை வந்துரும்."

சோழபுரத்துக்காரரின் வக்கீல் எழுந்தார். சரிகைத் தலைப்பாகை, ஓங்கிய குரல். கடுதாசியைக் கையில் எடுக்காமலே வாதாடுகிறவர் என்று அவருக்கு ஜில்லா முழுக்கப் பெயர். இரை தானாகத் தட்டில் விழுந்துவிட்டது என்கிற மாதிரி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என் முகம் தெரியுதா?"

"தலைப்பாகையும் ஒரு காதும் தெரியுது."

"மீசை?"

"மீசையைக் காணோம்."

அவர் தம்மையறியாமல் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுபடியும் சிரிப்பு.

"தலைவலியா உமக்கு?"

"இல்ல. எனக்கு இது மட்டுந்தான் வரும். பல்லு பல்லா மின்னும், பொறவு போயிரும். தலை வலிக்காது."

அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னையே பார்த்தார் போலிருக்கிறது. எனக்குக் காதுதான் தெரிந்தது. பிறகு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்ட தோரணையில் உட்கார்ந்தார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மாஜிஸ்ட்ரேட் என்னை வெளியே உட்காரவைத்து வேறு வழக்கை எடுத்தார். எனக்குக் காவலாக ஒரு டவாலி சேவகர். அவர் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை, "தலை வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெற்றிலை எச்சில் துப்புகிற சாக்கில் வக்கீல் வெளியே வந்தார். சேவகரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு என் பக்கத்தில் குனிந்தார்.

"இடப்பக்கமா போகும்?"

"ஆமா."

"எனக்கு வலப்பக்கம்" என்றார் மெதுவாக. குரலில் ஓங்கல் எதுவும் இல்லை. "நாலு வருஷமா இருக்கு. எனக்கும் வலிக்காது. வீட்டுலகூடச் சொல்லலை. வாதாடிக்கிட்டு இருக்கப்ப வரிக்கு நடுவுல எழுத்து போயிரும். அதுக்குப் பயந்து எல்லாக் கடுதாசியையும் மனப்பாடம் பண்ணிட்டு வாரேன்."

அவருடைய பெயர் பெற்ற வித்தை இதுதான் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சேவகர் போன பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு அடக்கிக்கொண்டேன்.

"உமக்கு எம்புட்டு வருஷம்?"

"ஒம்பது."

"கண்ணு போகலியே?"

"போகலை. முதல்ல எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

அவர் மூச்சை விட்டார். நாலு வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சேவகர் செம்போடு வந்து, "தலை வந்துருச்சா?" என்றார். வந்திருந்தது.

மறுபடி கூண்டில் ஏறி, "இவர்தான்" என்று கையைக் காட்டினேன். வக்கீல் நினைத்திருந்தால் என் கண்ணைக் கந்தலாக்கியிருக்கலாம். ஆனால் இந்த நோய் உள்ளவனின் பார்வையை நம்பக்கூடாது என்று அவர் எந்த வாயால் சொல்லுவார்? சம்பவத்தன்று முகம் முழுதாகத் தெரிந்ததா என்று ஒரே கேள்வி கேட்டார். கீழ்வரிசையில் ஒரு பல் இல்லாதது வரைக்கும் தெரிந்தது என்றேன். சோழபுரத்துக்காரர் உடனே வாயை மூடிக்கொண்டார்.

முடிவில் அடித்தவரும் அடிபட்டவரும் ராஜியாகிவிட்டார்கள். சோழபுரத்துக்காரர் கச்சேரியிலேயே மன்னிப்புக் கேட்டார். அவருக்குக் கிடைத்த பெரிய தண்டனை ஊரில்தான் காத்திருந்தது. அதற்குப் பிறகு சோழபுரத்தில் அவரைத் தலையில்லாதவர் என்றே கூப்பிட்டார்கள். அந்தக் கோபத்தில் என் கடையில் பிறகு ஒரு கயிறுகூட அவர் வாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வக்கீலின் வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. கயிறு வாங்க வந்ததாகச் சொன்னார். எதற்குக் கயிறு என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசிவிட்டு, "உமக்கு வாரதை வரைஞ்சு காட்டும்" என்றார். ஒரு கரித்துண்டை எடுத்துச் சாக்கில் வரைந்தேன். அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பல்லு ரொம்பச் சின்னதா போட்டுட்டீரு" என்றார்.

"எனக்கு அம்புட்டுத்தான் இருக்கும்."

"எனக்குப் பெரிசு" என்று கரியைப் பிடுங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டு, சாக்கின் மறுபக்கத்தில் வரைய ஆரம்பித்தார்.