விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

பெங்களூர் காக்ஸ் டவுனில் இருந்த அந்த வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனபோது பக்கத்து வீடு காணாமல் போயிருந்தது. தகர வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம். அதற்குள் மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று மண்ணை வாரி வாரி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது. வேலியின் இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, நான் தேடிக்கொண்டிருந்த வீடு இதுதான் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு கெட்ட புத்தி உண்டு. அடுத்தவர் வீட்டு விரிசலைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும்.

எனக்கு ஊர் வேலூர்ப் பக்கம். பெங்களூரில் ஓர் ஆர்க்கிடெக்சர் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், கூடவே முனைவர் பட்ட ஆய்வும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரர்களின் கன்டோன்மென்ட் காலத்து வீடுகள் சிமென்ட் பார்க்காதவை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். அவற்றை ஒட்டி பேஸ்மென்ட்டுக்காக ஆழமாகத் தோண்டினால் அந்தச் சுவர்கள் என்ன ஆகும் என்பது என் கேள்வி. பாரம்பரியம், பாரம்பரியம் என்று கருத்தரங்க மேடையில் உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உருகுகிற நேரத்தில் ஒரு சுவரையாவது அளந்து பார்க்கலாம் அல்லவா?

அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். அக்கா ஒருவர், தம்பி ஒருவர், இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அக்கா பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. அந்தத் தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள் என்பதால் எல்லாருக்கும் அவர் ‘மிஸ்’. எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். தம்பி ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதி முன்கூட்டியே விருப்ப ஓய்வு பெற்றவர், பேச்சு குறைவு. மூத்த அண்ணன் கனடாவில். வீட்டில் மூவருக்கும் பங்கு உண்டு. வீடு குடியிருக்கத் தகுதியாக இருக்கும்வரை விற்பதில்லை, தகுதியில்லை என்று ஆகிவிட்டால் விற்றுவிடுவது என்று மூவருக்குள்ளும் பேச்சு. முதல் நாளே டீ கொடுத்துக்கொண்டு மிஸ் இதை என்னிடம் சொன்னார். எனக்கு அது வெறும் குடும்பக் கதையாகத்தான் பட்டது.

நான் செய்த வேலை மிக எளிது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு நுனியிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்பி ஒட்டிவிடுவது. சுவர் அசைந்தால் கண்ணாடி வளைந்துகொடுக்காது, உடைந்துவிடும். ஹாலில் ஒன்று, தம்பி அறையில் ஒன்று, மிஸ்ஸின் படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று ஒட்டினேன். படுக்கையறை விரிசல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலை நெருக்கி அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை அது. ஓர் உத்திரத்தின் நுனி சுவரில் உட்காரும் இடத்திலிருந்து அந்த விரிசல் கிளம்பியிருந்தது. பள்ளம் இருந்ததும் அந்தப் பக்கம்தான்.

“உடைஞ்சா உடனே போன் பண்ணுங்க மிஸ். நீங்க எதையும் தொடக்கூடாது” என்றேன்.

“நான் லேப்ல பசங்களுக்குச் சொல்றத நீ எனக்குச் சொல்றியா?” என்று சிரித்தார்.

சனிக்கிழமைதோறும் போவேன். கண்ணாடிகள் முழுசாக இருக்கும். பள்ளம் மட்டும் ஆழமாகிக்கொண்டே போனது. இரவும் பகலும் ஒரு பம்ப் ஓடி நிலத்தடி நீரை இறைத்துச் சாக்கடையில் விட்டது. அந்தச் சத்தம் வீட்டுக்குள் காலடியில் கேட்டுக்கொண்டே இருக்கும். டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மேலே சின்னச் சின்ன வட்டம் நடுங்கும். தம்பி அறைக் கதவைச் சாத்த முதலில் கை போதுமாயிருந்தது, பிறகு தோளால் இடிக்க வேண்டியிருந்தது. மிஸ்ஸின் கட்டில் விரிப்பில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்திருக்கும். நான் கிட்டப் போவதற்குள் அவர் தட்டிவிடுவார். இவ்வளவும் நடக்கிற வீட்டில் கண்ணாடி மட்டும் எப்படி உடையாமல் இருக்கிறது என்று எனக்குள் ஒரு குடைச்சல்.

விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன், அகலம் கூடுகிறதா என்று அளக்க. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை போனால் வீடு முழுக்க வெள்ளையடித்திருந்தது. கோடு போச்சு. விரிசலுக்குள் பட்டி வேறு அடைத்திருந்தார்கள். கண்ணாடியைச் சுற்றி மட்டும் நுணுக்கமாக பிரஷ் ஓட்டி, அதை அப்படியே விட்டிருந்தார் மிஸ்.

“என்ன மிஸ் இது! என் கோட்ட எல்லாம் அழிச்சிட்டீங்களே?”

“கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்காம எந்த வீட்டுலம்மா இருப்பாங்க? உன் கண்ணாடியத் தொடல, பாரு.”

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் கொடுத்த கிறிஸ்மஸ் பலகாரம் கலகலாவைத் தின்றுகொண்டே மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பது கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு மிஞ்சியது கண்ணாடியின் சாட்சி மட்டும்.

என் ஆய்வு நெறியாளருக்கு ஏகப்பட்ட குஷி. இவ்வளவு பக்கத்தில் தோண்டியும் சுண்ணாம்புச் சுவர் தாங்குகிறது என்றால் அது பெரிய விஷயம். கல்லூரியில் நடந்த கருத்தரங்கில் அந்த வீட்டைப் பற்றி இடைக்கால முடிவாக ஒரு பக்கம் வாசித்தேன்: நான்கு இடத்திலும் அசைவு தென்படவில்லை. அந்தப் பள்ளத்தைத் தோண்டும் கட்டுமானக்காரர்களின் இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். பிரதி கேட்டார், நெறியாளர் பெருமையாகக் கொடுத்தார். குடைச்சலோடுதான் வாசித்தேன் என்றாலும், கைதட்டியபோது எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் மாதத்தில் ஒருநாள் மிஸ் போன் செய்தார். குரலில் கோபம் கொதித்தது.

“என்னம்மா நீ? ரெண்டு பேஸ்மென்ட்னு சொன்னவங்க இப்போ மூணாவது தோண்டறாங்க. போய் சண்டை போட்டா, அந்த இன்ஜினியர் உன் பேப்பரக் காட்டறான். பக்கத்து வீட்டுக்கு ஒண்ணும் ஆகலன்னு காலேஜே சொல்லியிருக்கு, சும்மனே டென்ஷன் ஆகாதீங்க மேடம்ங்கறான்!”

எனக்கும் சுர்ரென்று ஏறியது. “என் பேப்பர் என்ன சொல்லும் மிஸ்? உங்க வீட்டுக் கண்ணாடி சொன்னதத்தான் சொல்லும்” என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பம்ப் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கோபக்காரர், பதில் சொல்லாமல் விடுகிறவர் அல்ல. போட்டது போட்டபடி கிளம்பிப் போனேன்.

மிஸ் பள்ளியிலிருந்து திரும்பி அப்போதுதான் சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். தம்பி கடைக்குப் போயிருந்தார். நான் யாரையும் கேட்காமல் படுக்கையறைக்குப் போய் ஸ்டூலில் ஏறினேன். கண்ணாடி முழுசாக இருந்தது. அதன் பின்னால் வெள்ளையடித்த பட்டி பிளந்து, என் விரல் நுனி நுழைகிற அளவுக்கு இடைவெளி. நுனிகளில் இருந்த பிளாஸ்டர் அப்போதுதான் பூசியதுபோல வெளுப்பாக இருந்தது. இறங்கும்போது நிலை தடுமாறிச் சுவரில் கை ஊன்றினேன். மிஸ்ஸின் பெற்றோருடைய கல்யாணப் படம் மாட்டியிருந்த இடம். என் உள்ளங்கை பட்டது கண்ணாடியில் அல்ல, காகிதத்தில்.

ஹாலுக்கு வந்து ஒவ்வொரு படமாகத் தொட்டுப் பார்த்தேன். ஞானஸ்நானப் படத்துக்குக் கண்ணாடி இல்லை. பள்ளி வெள்ளிவிழாப் படத்துக்கு இல்லை. கனடா அண்ணனின் பட்டமளிப்புப் படத்துக்கும் இல்லை. சட்டங்கள் மட்டும் துடைத்துப் பளபளவென்று இருந்தன.

“கடையில கண்ணாடி வாங்கினா தெரு முழுக்கத் தெரிஞ்சிடும்” என்றார் மிஸ், என் பின்னால் நின்று. “பிரேம் கடைக்காரன் வாய் சும்மா இருக்காது.”

எனக்கு ஆத்திரம் வந்தது. என் ஆராய்ச்சி நாசமாய்ப் போனது என்பதுதான் முதலில் உறைத்தது என்று சொன்னால் கேவலமாக இருக்கும், ஆனால் அதுதான் முதலில் உறைத்தது. அதற்கு அடுத்து, திறந்த கதவு வழியே படுக்கையறைக் கட்டில் கண்ணில் பட்டது. உத்திரத்துக்கு நேர் கீழே இருந்த கட்டில்.

“அந்த உத்திரத்துக்குக் கீழேயா மிஸ் தினமும் படுக்கறீங்க?”

“தள்ளிப் போட்டா தம்பி ஏன்னு கேப்பான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. பயந்துடுவான்.” பிறகு குரலை உயர்த்தினார். “உடைஞ்சா நீ எழுதுவ. நீ எழுதினா எங்க அண்ணன் அடுத்த நாளே வித்துடுவான். நான் பொறந்த வீடும்மா இது. இத விட்டா எனக்கு எங்க போகத் தெரியும்?”

“நீங்க மாத்தி மாத்தி ஒட்டினீங்க. அதக் காட்டித்தான் மிஸ் அவன் இன்னும் ஆழமா தோண்டறான்.”

சொல்லியிருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது; சொல்லாமல் எப்படி இருந்திருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. மிஸ் சோபாவில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படி ஒருவர் குறுகிப்போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு, “எழுதிடும்மா” என்றார்.

புதுக் கண்ணாடிகள் ஒட்டினேன். இருவரும் இனி முன்புற ஹாலில்தான் படுக்க வேண்டும் என்றேன். தினமும் ஒருமுறை பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டேன். தம்பியிடம் மிஸ்ஸே எல்லாவற்றையும் சொன்னார். அவர் எழுந்துபோய் அக்காவின் கட்டிலை ஹாலுக்கு இழுத்து வந்தார். என் நெறியாளரோ, “ரீடிங் கெட்டுப்போன வீட்ட லிஸ்ட்லேருந்து எடுத்துடு. மத்த வீடுங்க போதும்” என்றார். வீட்டை ஆய்விலிருந்து எடுத்துவிடலாம் சார், அதில் இருக்கிற ஆட்களை எங்கே எடுப்பது என்று கேட்டேன். கருத்தரங்கில் வாசித்த முடிவு தவறு என்று மறுப்புக் கடிதத்தை நானே எழுதி, வார்டு அலுவலகத்திலும் பள்ளத்தின் மேஸ்திரி கையிலும் கொடுத்தேன். அலுவலகத்தில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். மேஸ்திரி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இயந்திரம் நிற்கவில்லை.

மிஸ் வாக்கு மாறவில்லை. தினமும் காலையில் செய்தி வரும்: நாலும் சரி. ஒருநாள்: ஹால்ல கீறல் மாதிரி இருக்கு, வந்து பாரு. நான் போனேன், கீறல்தான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பெருமழை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், பள்ளம் குளமாகி நின்றது. மறுநாள் அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்புகிற நேரத்துக்கு மிஸ்ஸின் போன் வந்தது.

“முன் கதவு தொறக்க மாட்டேங்குதும்மா. சாவி திரும்புது, கதவு வரல.”

“வெளியவே நில்லுங்க மிஸ். உள்ள போகாதீங்க. இதோ வரேன்.”

“காலைல அவசரத்துல கண்ணாடியப் பார்க்காம போயிட்டேன். பின்பக்கமா போய்ப் பார்த்துச் சொல்லிடறேன். லைன்லயே இரு.”

“வேண்டாம் மிஸ்! கண்ணாடி கிடக்கட்டும்!”

“பார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன் இல்ல?”

நான் தெருவில் ஓடிக்கொண்டே கத்தினேன். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. அவர் காதில் என் குரல் விழவே இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிடுகிற குரலில் ஒவ்வோர் அறையாகச் சொல்லிக்கொண்டு போனார். “ஹால், உடைஞ்சிருக்கு. தம்பி ரூம், உடைஞ்சிருக்கு, ஒரு துண்டு கீழ கிடக்கு.” தம்பி எங்கோ தூரத்தில் அக்கா, அக்கா என்று கூப்பிடுவது கேட்டது. “என் ரூம்... இங்க கண்ணாடியே காணோம்மா. அந்த இடத்துல வெளிச்சம் தெரியுது.” நான் அழுதுகொண்டே வெளியே வாங்க வெளியே வாங்க என்றேன். “இரு, சமையல் ரூம் ஒண்ணு இருக்கு.” செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு லாரியில் ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம். போன் அணைந்துவிட்டது.

படுக்கையறைக் கூரை முழுசாக இறங்கி, பாதிச் சமையலறையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. மிஸ் சமையலறை வாசலில் கிடந்தார். தோளும் இடுப்பும் நொறுங்கியிருந்தன, உயிர் இருந்தது. தம்பியும் தெருக்காரர்களும் வெறுங்கையால் செங்கல்லை விலக்கி எடுத்தார்கள். தீயணைப்பு வண்டிக்காரர்கள் மிச்சம் நின்ற சுவர்களையும் அன்று மாலையே தள்ளிவிட்டார்கள், ஆபத்து என்றார்கள். தம்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கனடாவிலிருந்து அண்ணன் இடத்தை விற்பதென்று அவரிடம் போனில் பேசி முடித்துவிட்டார். மிஸ்ஸிடம் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்து அவர் பேச ஆரம்பித்த அன்று போனேன். தம்பி கட்டிலின் கால்மாட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மிஸ் அசையக்கூடிய கையால் கூப்பிட்டார்.

“சமையல் ரூம் கண்ணாடி உடையலம்மா. நான் பார்த்தேன்.”

“சரி மிஸ்.”

“சத்தியமா நான் தொடல. முழுசா இருந்துச்சி. நம்பறியா?”

நம்பினேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குச் சந்தேகமில்லை. சரிபார்க்க அந்தச் சுவர்தான் இல்லை. தலையை ஆட்டினேன்.

“அப்போ அந்தச் சுவர் நல்லா இருக்குன்னு அர்த்தம், இல்ல? அத வெச்சி கட்டிக்கலாம் இல்ல? எழுதிக்கோ.”

தம்பி நிமிரவில்லை. நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். மிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் எழுதுகிறேனா என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.