ஒரே முகவரியில் ஏழு பிள்ளைகள்

சென்ற வாரம் டிக்கோயாவில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வழக்கமான மழை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி குனிந்து, கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தாள். மறு கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. அவள் காலிலிருந்து ஈரச் சவர்க்கார வாசனை வந்தது. அட்டை ஏறாதிருக்கத் துணி கழுவும் சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு இறங்குவது தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் வழக்கம். அட்டைகள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை.

அந்த வாசனை எனக்கு, நான் முதலில் படிப்பித்த பத்தாம் வகுப்பின் வாசனை. ஹட்டன் டவுன் முடிகிற இடத்தில் இருந்த அரசாங்கப் பள்ளிக்கூடம் அது. அங்கேதான் ஆசிரியராக என் முதல் வேலை. பாதிப் பிள்ளைகள் கடைவீதி, பாதிப் பிள்ளைகள் தோட்டம். வரலாறு படிப்பிக்கப் போன என்னிடம் அதிபர் புள்ளிவிபர வேலையைக் கொடுத்துவிட்டார். கையெழுத்து அழகாக இருக்கிறதாம். அழகான கையெழுத்தால் மனிதனுக்கு என்ன கேடு வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிள்ளையின் பெயர், பெற்றோர் தொழில், முகவரி, தவணைப் புள்ளி என்று அட்டவணை போட வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளால்தான் பள்ளிக்கூடத்தின் பெறுபேறு இறங்குகிறது என்பது அதிபரின் கட்சி. அதை நிரூபித்துக் காட்டத்தான் அட்டவணையே. மூன்று நிறத்தில் கோடு போட்டு நான் எழுதி முடித்தபோது கதை வேறு மாதிரி வந்தது. வகுப்பின் முதல் ஏழு இடங்களும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே, அதுவும் ஒரே முகவரிக்குப் போயிருந்தன. அது டவுனில் முஸ்லிம் வியாபாரி ஹனிபா நானாவின் புடவைக் கடை.

எனக்கு ஒரே சந்தோஷம். அட்டவணையை இன்னொரு பிரதி எடுத்து, அந்த ஏழு பெயரையும் சிவப்பில் காட்டி, வலயக் கல்விப் பணிமனைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைப் போல ஒரு மடையன் அந்தப் பணிமனைப் படியேறியிருக்க மாட்டான்.

விஷயம் இதுதான். டவுன் பள்ளிக்கூடத்தில் சேர டவுன் முகவரி வேண்டும். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு முகவரி கிடையாது. அங்கே இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். ஆகவே தீபாவளிக்குத் துணி எடுக்கிற கடையின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஹனிபா நானாவும் இல்லையென்று சொன்னதில்லை. இது என்னைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பணிமனையிலிருந்து கடிதம் வந்தது. ஒரு புடவைக் கடைக்குள் ஏழு பிள்ளைகள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று நேரில் பார்க்க அதிகாரி வருகிறாராம். பொய் முகவரி என்றால் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதிபர் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு நாளைக்குள், பெயர் பதிகிற இடாப்பில் மட்டும், ஆறு பேர் குடிபெயர்ந்தார்கள். இரண்டு பேர் பேக்கரிக்கு, மூன்று பேர் கோயில் ஐயர் வீட்டுக்கு, ஒருவன் சலூனுக்கு. கடை அடியோடு காலியானால் சந்தேகம் வரும் என்று மகேஸ்வரியை மட்டும் அங்கேயே விட்டோம்.

மகேஸ்வரி கணக்கில் புலி. அவளுடைய தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு முடிகிறது, அதிலும் கணக்குக்கு ஆசிரியர் இல்லை. திருப்பி அனுப்பினால் படிப்பு அவ்வளவுதான். அவளைச் சேர்க்க வந்த அன்று அவள் அப்பா, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் குட்டையாக்குகிறவர், கையைக் கட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"எந் தங்கச்சி பத்து வயசுல கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போச்சுங்க சேர். இந்தப் புள்ள யாரு வீட்டுப் பாத்திரமும் கழுவக் கூடாதுங்க. அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் அனுப்புறேன்."

அதிகாரி நல்ல மனிதர். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டுத்தான் கடைக்குள் வந்தார். மற்ற ஆறு பேரின் முகவரியும் என் எழுத்துப் பிழை என்று முன்னமே சொல்லியிருந்தேன். நான், நானா, மகேஸ்வரி மூவரும் சேலைக் கட்டுகளுக்கு முன்னால் படம் எடுக்க நிற்பது போல நின்றோம். அவர் அவளுடைய வெள்ளைக் காலுறையைப் பார்த்தார். கணுக்காலில் ரத்தம் ஊறியிருந்தது.

"என்ன இது?"

"அட்டை கடிச்சது சேர்."

"கடைக்குள்ளயா?"

"மழை நாள்ல இங்கயும் வரும் சேர்" என்றார் நானா. அதிகாரி சீமெந்துத் தரையைப் பார்த்தார். பிறகு நானாவின் தொப்பியையும் மகேஸ்வரியின் நெற்றிப் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன முறை?"

நானா தொப்பியைச் சரிசெய்தார். நான்தான் சொன்னேன்:

"வீட்டு வேலைக்கு நிக்கிற புள்ள சேர். வேலைய முடிச்சிட்டுப் பள்ளிக்கூடம் வரும்."

அதிகாரியின் முகம் தெளிந்தது. தோட்டத்துப் பிள்ளை டவுனில் தங்கிப் படிக்கிறது என்றால் நம்ப முடியாதவருக்கு, தங்கிப் பாத்திரம் கழுவுகிறது என்றதும் ஒரு கேள்வியும் இருக்கவில்லை. உடனே எழுதிக்கொண்டார். "வேலைக்கு வைத்தும் படிக்க விடுகிறீர்களே, பெரிய மனசு உங்களுக்கு" என்று நானாவின் கையைக் குலுக்கினார். நானா தலை நிமிரவில்லை. மகேஸ்வரி ஒரு சேலையின் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வழக்கம்போல வந்தாள். அடுத்த வருடம், பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். அதிபர் அவள் படத்தை அறிவித்தல் பலகையில் ஒட்டினார். சான்றிதழ் வாங்க வந்த அன்று, இடாப்பு வைக்கிற அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள்:

"சேர், அன்னைக்குக் கடையில சொன்னத அப்பாகிட்ட சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்க."

"சரிம்மா" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஹனிபா நானா போய்ச் சேர்ந்துவிட்டார். கடையில் இப்போது போன் விற்கிறார்கள். சில லயங்களில் கதவுக்குக் கதவு இலக்கம் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலோ பிள்ளைகள் குறைந்துபோய், ஆசிரியர்கள் முச்சக்கர வண்டி பிடித்துத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளை கேட்கிறார்கள். முகவரியை ஒருவரும் விசாரிப்பதில்லை.

மகேஸ்வரி கண்டியில் எஞ்சினியராக இருக்கிறாள். அவள் அப்பாவை ஹட்டன் டவுனில் அடிக்கடி காண்பேன். எத்தனை அவசரமாகப் போனாலும் வீதியைக் கடந்து வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொள்வார். "எம் புள்ளைய யாரு வீட்டு வேலைக்கும் போகாமக் காப்பாத்துனது நீங்கதான் சேர்" என்பார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்பேன் நான். பல வருடங்கள் இப்படியே நடந்தது. அவரும் போன மாசியில் இறந்துவிட்டார். இப்போது டவுனில் யாரும் என் கையைப் பிடித்து நன்றி சொல்வதில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது. அப்படி இருப்பது எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.