கீழ்த்தளத்தில் ஒரு கழிப்பறை

தையல்காரி பகலில் தண்ணீர் குடிக்கமாட்டாள். அவள் வேலை செய்யும் அறை அண்ணன் வீட்டின் கீழ்த்தளத்தில், தெருமட்டத்துக்கும் கீழே இருந்தது. கழிப்பறையோ மேலே, அண்ணன் குடும்பம் இருக்கும் தளத்தில். முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியபின் ஒவ்வொரு படியும் உயிரை வாங்கியது. தைத்தபடியே கண் அசந்தால் கனவில் ஓர் ஆறு வரும். இடுப்பளவு தண்ணீரில் நிற்பாள், ஒரு கை அள்ளிக் குடிக்கப் பயந்துகொண்டு.

ஒருநாள் தலைசுற்றி மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். மெஷின் சத்தம் நின்றுபோனதில் சந்தேகப்பட்டு இறங்கி வந்த அண்ணி, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். விஷயம் தெரிந்ததும் பொரிந்து தள்ளினாள்.

"ஏன்டி, வாயைத் திறந்து சொல்ல மாட்டியா? நான் என்ன மூணாம் மனுஷியா?"

"எப்படிச் சொல்றது அண்ணி? வெக்கமா இருந்துச்சு."

கீழேயே ஒரு கழிப்பறை வைக்க மறுவாரமே பிளம்பர் வந்தார். வீட்டுச் சாக்கடைக் குழாய் தையல்காரியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டிப் போனது. "கழிவு எப்படிங்க மேல ஏறும்?" என்றார் அண்ணன். பிளம்பர் கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தித் தட்டிக் காட்டினார்.

"பிளஷ் பண்ணினா எல்லாம் இதுக்குள்ள வரும். தண்ணி மட்டம் ஏறினதும் மோட்டார் தானா ஓடும். பிளேடு சுத்தி எல்லாத்தையும் கூழாக்கிடும், பம்பு அதை இந்தச் சின்னக் குழாய்ல மேல தள்ளிடும். திரும்ப இறங்காம ஒரு வால்வு இருக்கு. கரண்ட் இல்லாதப்ப மட்டும் பிளஷ் பண்ணாதீங்க. பேப்பர் தவிர வேற எதுவும் உள்ள போகக்கூடாது."

அன்று தையல்காரி ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். பிறகு இன்னொன்று. பிளஷ் செய்ததும் பெட்டி உறுமியது. சுவர் லேசாக அதிர்ந்தது. அறையே படகாகிக் கரையை விட்டுக் கிளம்புவதுபோல இருந்தது அவளுக்கு. தண்ணீர் கூரையைத் தேடி ஏறும் சலசலப்பைக் கேட்டபடி கதவில் சாய்ந்து நின்றாள். சத்தம் அடங்கிய பிறகும் அந்த மிதப்பு வெகுநேரம் போகவில்லை.

சில மாதம் கழித்து உறுமல் முனகலானது. பிளம்பர் கரண்ட்டைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்தார். அவள் புடவையில் ஒட்டிக்கொண்டு போய் விழுந்த நூலெல்லாம் பிளேடில் கண்டாகச் சுற்றியிருந்தது.

"அக்கா, மோட்டாருக்கே தையல் போட்டுட்டீங்களே!"

வெட்கம் மறந்து அவளும் சிரித்துவிட்டாள். அதற்குப்பின் உள்ளே போகுமுன் புடவையை உதறிக்கொள்வாள்.

இப்போதெல்லாம் மத்தியானமானால் அண்ணி கீழே வந்துவிடுகிறாள். "மேல ஒரே கூச்சல். இங்கதான் நிம்மதியா உக்கார முடியுது" என்று அந்தக் கழிப்பறைக்கே போகிறாள். பிறகு துணிமூட்டையில் சாய்ந்து ஊர்க்கதை பேசுவாள்.

"அண்ணி, உங்களுக்கு நான் ஒரு ரவிக்கைகூட தைச்சதில்லையே" என்று ஒருநாள் அளவு நாடாவோடு அருகே போனாள். அண்ணி பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போயிருந்தாள். எழுப்ப மனமில்லாமல், சாய்ந்த வாக்கிலேயே மெல்லத் தோள் அளவை எடுத்துக்கொண்டாள்.